நடுவில் நிறுத்திய குமிழ்

பெப்ரவரி 6, செவ்வாய்
புதிய ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. பழையவற்றைக் கடற்காற்று தின்றுவிட்டது; வெள்ளவத்தையில் எதுதான் தப்புகிறது? பாமன்கடைக் கடைக்காரர் மக்கீன் முதலில் காட்டிய சோடியில் ‘நாற்பது முதல் இருபதாயிரம் ஹேர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தது. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைச் சொல்லாத எண்ணுக்குப் பெறுமதி இல்லை. மூன்று டெசிபலுக்குள் என்று தெளிவாக எழுதிய சோடியையே வாங்கினேன். இருபத்து மூன்றாம் திகதி என் கணவருடைய மூன்றாவது திவசம். அன்று அவர் விரும்பிக் கேட்கும் நாதஸ்வர இசைத்தட்டு பிழையில்லாமல் ஒலிக்க வேண்டும்.

பெப்ரவரி 7, புதன்
நாதஸ்வரம் கேட்கிறது, தவில் கேட்கிறது. அந்தச் சிறு வெண்கலத் தாளத்தின் கணீர் எங்கே? மக்கீன் ஏமாற்றிவிட்டார்.

பெப்ரவரி 10, சனி
மக்கீன் வந்து மீற்றர் வைத்து அளந்தார். “ஒரு பிழையும் இல்ல மேடம். தாளம் நல்லாத்தான் கேக்குது. மெல்லிய கூர்ச் சத்தம் எடுப்பாக் கேக்க ட்ரெபிளக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டா?”
“ஆம்பிளிபயரில அந்தக் குமிழ் நடுவிலதான் நிக்கும். திருக்கிக் கெடுக்கிறதெண்டா இந்தக் கடதாசியில எண்கள் என்னத்துக்கு?”
“ஒங்கட சேரும் முந்தி இதத்தான் வந்து கேட்டாரு. தாளம் கேக்குதில்ல எண்டு.”
என் கணவருக்கு எண்கள் பிடிபடாது. கையேடுகளை வாசித்தவள் நான். அவர் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை கோயிலால் திரும்பி வந்து பார்த்தால் குமிழ் வலப்பக்கம் திரும்பியிருக்கும். நடுவுக்குக் கொண்டுவருவேன். அடுத்த வெள்ளி மறுபடியும் திரும்பியிருக்கும்.

பெப்ரவரி 12, திங்கள்
மகள் சிவானி தெஹிவளையிலிருந்து வந்தாள். ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, கேட்கும் தாளத்துக்குத் தொடையில் தட்டினாள். “அம்மா, எல்லாத்துக்கும் ஸ்பெக் கேக்கிறியள். உங்கட காதுக்கும் ஒருக்காக் கேப்பமே?” சிரித்தாள். காதுப் பரிசோதனைக்கு வியாழக்கிழமை நாளும் குறித்தாள்.

பெப்ரவரி 15, வியாழன்
காதுப் பரிசோதனை. ஒலி கேட்கும்போது பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அமுக்குவதற்கு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பரிசோதிக்கும் பெண் காத்திருந்தாள் — அப்போதும் ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
வரைபடத்தை வாசிக்க எனக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டாயிரம் ஹேர்ட்ஸ் வரை ஓரளவு சமம். பிறகு சரிவு. எட்டாயிரத்தில் எழுபத்தைந்து டெசிபல் இழப்பு.
“எழுபத்தெட்டு வயசுக்கு இது வழமைதான் அன்ரி” என்றாள்.
என் கணவர் கண்மூடியபோது வயது எண்பத்தொன்று.

பெப்ரவரி 16, வெள்ளி
கோயிலுக்குப் போகவில்லை.

பெப்ரவரி 17, சனி
எத்தனை வருடம் அந்தக் குமிழை நடுவுக்குத் திருப்பினேன்? ஆறா, ஏழா? அவர் ஒண்டையும் கெடுக்கேல்லை. அவருக்குக் கேக்கேல்லை. வாய் திறந்து சொல்லியிருக்கலாமே — நாகேஸ், எனக்குக் கேக்குதில்லை எண்டு. சொல்லியிருந்தா? கையேட்டை எடுத்துக் காட்டியிருப்பன். அதுதானே நான்.
ஆம்பிளிபயரைத் துடைக்கும்போது பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ட்ரெபிள் குமிழின் வலப்பக்கம் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. நான் கோயிலுக்கு வாசலைத் தாண்டியதும் அவர் தேடாமல் குமிழை வைப்பதற்கு.

பெப்ரவரி 23, வெள்ளி
படைத்து முடிந்ததும் சிவானி இசைத்தட்டைப் போட்டாள். குமிழைக் கோடு வரைக்கும் நான் திருப்பினேன். தாளம் வந்தது. எங்கோ தூரத்தில், ஆனால் வந்தது.
சிவானி காதைப் பொத்தினாள். “அம்மா, குத்துது. நடுவுக்குக் கொண்டுவரட்டே?”
“கை வைக்காதை” என்றேன். “அப்பா கேக்கட்டும்.”