நீலச் சைக்கிளுக்கு எந்த கேட்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பின் டயருக்குக் காற்று அடித்தேன். மதியத்துக்கு எலுமிச்சைச் சோறு. குடையை மறந்தேன்.

புது வேலையில் மூன்றாவது வாரம். இன்றும் பின் கேட்.

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சேர்ந்த முதல் நாள் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து முன் கேட்டுக்குள் சைக்கிளைத் திருப்பினேன். செக்யூரிட்டி துரை அண்ணா கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஹவுஸ்கீப்பிங்கா? பின்னால போம்மா. சைக்கிள்லாம் பின்னாலதான்."

பில்லிங் பிரிவில் சேர வந்திருக்கிறேன், எம்.எஸ்சி. படித்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் கார் ஹாரன். திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. ஆனாலும் தினமும் நானாகவே பின்னால் போகிறேன். எரிச்சல் அதில்தான்.

பின் கேட்: ஜெனரேட்டர், குப்பைத் தொட்டிகள், கேன்டீன் கழிவுநீர் ஓடும் சந்து. கூரை கிடையாது. பைக்குக்குக் கட்டடத்தின் அடியில் நிழல், வெள்ளைக் கோடு, பார்க்கிங் ஸ்டிக்கர். காருக்குக் கேட்கவே வேண்டாம்.

நீலத்தைப் பார்த்தாலே இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பதினொன்றாவதில் அரசுப் பள்ளியில் கொடுத்த சைக்கிள். கூடையின் முன்னால் அரசு முத்திரைத் தகடு வேறு. ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. தகட்டைப் பார்த்து ஆளை முடிவு செய்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் லாரி இடதுபக்கம் தள்ளியது. இடதுபக்கம் என்பது மணல், உயர்ந்து நிற்கும் சாக்கடை மூடி, யாரோ கொட்டிய செங்கல். பஸ் கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "ஓரம் போம்மா" என்றார். எந்த ஓரம்?

அத்தா இரவு சாப்பிடும்போது ஸ்கூட்டி பேச்சை எடுத்தார். அவர் வெல்டர். பெருங்களத்தூர் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"நான் மிதிச்சது போதாதா? படிச்ச பொண்ணு நீ ஏன் மிதிக்கிற? மாசக் கடைசில ஸ்கூட்டி எடுத்துடலாம். இத இரும்புக்குப் போட்டுடலாம்."

"எனக்குப் பிடிச்சிருக்கு அத்தா."

"பிடிச்சிருக்காம்." அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். இந்த வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதன் அர்த்தம் சைக்கிளிலிருந்து இறங்குவது என்று அவர் நினைத்திருக்கிறார். இவ்வளவு நாள் எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

ஹெச்.ஆர். ரம்யா மேடம் என் இடத்துக்கே வந்தார். பயந்துவிட்டேன்.

"நஸ்ரின், உங்க ஃபார்ம்ல ஹாபி சைக்கிளிங்னு போட்டிருக்கீங்க. பாண்டிச்சேரி, பெங்களூர் ரெண்டு இடத்துலயும் ஓட்டியிருக்கீங்களாமே. அடுத்த வாரம் கிரீன் வீக். வெளியிலருந்து கெஸ்ட்ஸ் வராங்க. ஒவ்வொரு ஊர்லயும் சைக்கிள் அனுபவம் எப்படின்னு அஞ்சு நிமிஷம் பேசுங்களேன். ஸ்வீட்டா."

"மேடம், எனக்கு மேடை…"

"ஸ்டேஜ்ல ஒரு நல்ல கியர் சைக்கிள் வெக்கறோம். பக்கத்துல நின்னா போதும்."

தலையை ஆட்டிவிட்டேன். என் தலை எல்லாவற்றுக்கும் ஆடும்.

நான் தினமும் சைக்கிளில்தான் வருகிறேன் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும், முன் கேட்டில் வந்தால்தானே.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் இடி, மழை. கரண்ட் இல்லை. பின் சந்து இருட்டு. நனைந்துகொண்டே பூட்டைத் திறந்து ஏறி வந்துவிட்டேன். பெருங்களத்தூர் பாலத்து இறக்கத்தில் பிரேக் அழுத்தினால், ஒன்றும் இல்லை. காலைத் தேய்த்து, ஒரு ஷேர் ஆட்டோவின் முதுகில் கை ஊன்றி நின்றேன். டிரைவர் திட்டியதை எழுத மாட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். சீட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. கூடையில் கழுவாத டிபன் டப்பா. என் சைக்கிளே இல்லை.

இந்தச் சைக்கிள்களோடு வந்த பூட்டுகளுக்கு ஒரு குணம். ஒரு சாவி இன்னொன்றையும் திறக்கும். பள்ளிக்கூடத்திலேயே பாதி நாள் மாறிப்போகும். அதே நீலம், அதே தகடு.

முடிச்சூர் வரை தள்ளிக்கொண்டே வந்தேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். எங்கள் பக்கத்து ஆட்கள் 2015 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரின் நிறத்தை வைத்தே பள்ளம் எங்கே என்று சொல்வார்கள். நானும் சொல்வேன்.

ஜூலை 11, வெள்ளி

விடிந்ததும் முதல் வேலை: மெக்கானிக் கடையில் அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்றினேன்.

சைக்கிள் செல்வி அக்காவுடையது. ஆபீசில் எங்கள் மாடியைத் துடைப்பவர். வீடு பீர்க்கன்கரணை. சந்தில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"இன்னாம்மா, என் வண்டி எப்டி கீது? நைட்டு எங்கயாச்சும் வுழுந்தியா?"

"பிரேக்கே இல்லையே அக்கா."

"காலு கீதுல்ல. உன்னுது மெர்சலா கீது. புடிச்சா நிக்கிது. பயந்துட்டேன்."

அக்காவின் மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சைக்கிளை அக்கா எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு கேள்வி. "நீ பில்லிங் பொண்ணு தானே? எங்ககூட ஏன் குப்பைல கொண்டாந்து நிறுத்துற?"

"முன்னாடி விடமாட்டேங்கறாங்க."

"கேட்டியா?"

கேட்கவில்லை.

நாள் முழுக்க இது உறுத்தியது. துரை அண்ணா என்னை ஹவுஸ்கீப்பிங் என்று நினைத்துவிட்டாரே என்றுதான் மூன்று வாரமாகக் கோபம். செல்வி அக்கா ஏன் குப்பைத் தொட்டியோரம் நிறுத்த வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். பேச்சுக்குக் குறிப்பு.

பாண்டி. எம்.எஸ்சி. இரண்டு வருடம். ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் வாடகைச் சைக்கிள். சமதரை, அதனால் தொடை வலிக்காது. மதியத்துக்கு மேல் கடல் காற்று எதிரே தள்ளும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டி கிடையாது, கையை விட்டு ஓட்டலாம். ஒரு தடவை விட்டேன். யாரும் பார்க்கவில்லை. அங்கே தொப்பி வைத்த சுற்றுலாக்காரர் நடுரோட்டில் போனாலும் கார் பொறுமையாகப் பின்னால் வரும். அதே ரோட்டில் காலையில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு கட்டட வேலைக்கு வருபவர் வந்தால் ஹாரன்.

பெங்களூர். பயிற்சி, எட்டு மாதம். பி.ஜி. ஓனர் மகளின் பழைய சைக்கிள். மேடு. குளிர், வியர்க்காது. நாய்கள். பச்சை வண்ணம் அடித்த சைக்கிள் பாதை உண்டு. அதில் ஸ்கூட்டர், பானிபூரி வண்டி, தூங்கும் நாய், எல்லாம் உண்டு. ஞாயிறு காலை ஹெல்மெட் போட்ட சார்கள் கும்பலாகப் போவார்கள். எனக்கும் குட்மார்னிங் சொல்வார்கள். திங்கட்கிழமை ஒருவரைக்கூடக் காணோம். எங்கள் பி.ஜி.க்கு எதிர் அபார்ட்மென்ட்டில் சைக்கிளை லிப்டில் ஏற்றி வீட்டுக்குள் வைப்பார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு வேறு லிப்ட். அன்று பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன். இன்று எழுதி, அடிக்கோடு போடுகிறேன்.

தாம்பரம். இதற்கு அஞ்சு நிமிடம் போதாது. பள்ளம், பக்கத்தில் பைக்கை மெதுவாக்கி "டிராப் பண்ணவா" என்று கேட்பவர்கள், துப்பட்டாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள். ஆனால் பாண்டியிலும் பெங்களூரிலும் என் சைக்கிளைப் பார்த்து நான் யார் என்று எவரும் கண்டுபிடிக்கவில்லை. இங்கே தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள். என் சொந்த ஊர்.

ஸ்வீட்டாக இல்லை.

ஜூலை 16, புதன்

மேகமூட்டம். கிரீன் வீக். முன் கேட்டில் பச்சை பலூன்.

காலையில் பின் சந்தில் டெம்போ நின்றது. விழா நடக்கும் புது ஹால் ஜன்னலிலிருந்து சந்து தெரிகிறதாம். விருந்தாளிகள் பார்க்கக் கூடாதாம். இரண்டு பேர் சைக்கிள்களைத் தூக்கித் தூக்கி உள்ளே போட்டார்கள். வைக்கவில்லை, போட்டார்கள். செல்வி அக்கா, "மெதுவா நைனா, அது இன்னா குப்பையா" என்றார். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், "சாயங்காலம் வந்துடும், போ போ" என்றார். என்னுடையது அடியில் போனது.

பதினொரு மணி. மேடையில் சிவப்பு கியர் சைக்கிள், விலைச் சீட்டுகூட எடுக்கவில்லை. மைக். பாண்டியைச் சொன்னேன். கைதட்டினார்கள். பெங்களூர் பானிபூரிக்குச் சிரித்தார்கள். ரம்யா மேடம் கட்டைவிரலைக் காட்டினார்.

பிறகு சொன்னேன். எழுதி வைத்தது அல்ல. "இங்கே நான் தினமும் சைக்கிளில்தான் வருகிறேன். என் சைக்கிள் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் வருகிறீர்கள் என்று காலையில் டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காக்களின் சைக்கிள்களையும். நன்றி."

ரம்யா மேடம் மைக்கை வாங்கி, "சோ… வெரி நைஸ்" என்றார்.

சாயங்காலம் சைக்கிள்கள் வரவில்லை. ஏரிக்கரை குடோனில் இருக்கிறதாம். நானும் செல்வி அக்காவும் நடந்து போய் எடுத்தோம். என் முன் சக்கரம் நெளிந்து எட்டு போட்டிருந்தது.

வழியில் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். பிறகு, "நீ பேசிட்டுப் போயிட்ட. சூப்பர்வைசரு எங்கள நிக்க வெச்சு, எவடி அந்தப் பொண்ணாண்ட சொன்னதுன்னு கேக்கறான்" என்றார்.

"நான்தானே பேசினேன். என்னைக் கேக்கலையே."

"உன்ன ஏன் கேக்கறான்."

ஜூலை 17, வியாழன்

சக்கரம் நிமிர்த்தக் கடையில் விட்டேன். பஸ். நின்றுகொண்டே.

ரம்யா மேடம் கூப்பிட்டு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல நஸ்ரின். ஒட்டிட்டு முன் கேட்லயே வாங்க. உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா."

"செல்வி அக்காவுக்கு?"

"அவங்க கான்ட்ராக்ட்மா. அது வேற." முகத்தில் கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் இன்னும் கோபம்.

வீட்டில் ஸ்டிக்கரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க பட்டறைலயும் சைக்கிள் வெளியதான். மழையில நனையும். நான் கேட்டதில்ல." ஸ்டிக்கரைத் திருப்பித் தந்து, "ஸ்கூட்டி அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

சக்கரம் சரி. ஸ்டிக்கரைக் கூடையில், தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஆனால் பின் கேட்டுக்கே போனேன். செல்வி அக்காவிடம் காட்டினேன்.

அக்கா என் சைக்கிளைப் பார்த்தார். தன்னுடையதைப் பார்த்தார். சிரிப்பு.

"ரெண்டும் ஒண்ணுதானே. திங்கக்கெழம உன்னுத நான் எடுத்துகினு முன்னால வரேன். நீ என்னுத எடுத்துகினு எனக்குப் பின்னாடியே வா. யார நிறுத்துறான்னு பாப்போம்."

"உங்க வேலைக்கு ஏதாவது…"

"ஸ்டிக்கர் ஒட்டுன வண்டிதானே. ஸ்டிக்கர் குடுத்தது அவனுங்கதானே."

வாழ்க்கையில் இப்படி ஒன்றுக்கு நான் தலையாட்டியதே இல்லை. ஆட்டினேன். சைக்கிள்களை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நான் மாற்றிய பிரேக் கட்டை நன்றாகப் பிடிக்கிறது.

ஜூலை 21, திங்கள்

ஏரிப் பக்கமிருந்து காற்று. இரவு தூக்கம் இல்லை. இரண்டு பேரும் கேட்டுக்குச் சற்று முன்னால் சேர்ந்துகொண்டோம்.

முதலில் செல்வி அக்கா, ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிளில். பின்னால் நான், ஸ்டிக்கர் இல்லாமல்.

துரை அண்ணா கையை நீட்டினார். அக்காவுக்கு. "செல்வி, இன்னா இது? பின்னால போ." ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. பிறகு தலையைச் சாய்த்து என்னிடம், "நீங்க போங்கம்மா." ஒரு மாதத்துக்குள் 'நீங்க' ஆகிவிட்டேன்.

தடுப்புக் கம்பி மேலே போனது, எனக்காக.

நான் போகவில்லை. கம்பிக்கு நேர் கீழே இறங்கி, சைக்கிளைக் குறுக்கே திருப்பி ஸ்டாண்ட் போட்டேன். பின்னால் மேனேஜர் கார். ஹாரன். முதல் நாள் போலவே காது சுட்டது. நகரவில்லை.

"இன்னாம்மா, நிக்கப்போறியா?" என்று அக்கா மெதுவாக.

"ஆமாக்கா."

மேனேஜர் கண்ணாடியை இறக்கினார். "என்னம்மா பிரச்சினை?"

"இவங்க வண்டிக்கு ஸ்டிக்கர் இருக்கு சார். நிறுத்தறாங்க. என்னுதுக்கு இல்ல. விடறாங்க."

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் கார்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்காரன் கத்தல்.

"ரெண்டு பேரையும் விடுப்பா. டிராபிக் நிக்குது."

பைக்குகள் நிற்கும் இடத்தில், வெள்ளைக் கோட்டுக்குள், இரண்டு நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். அக்கா தன் துடைக்கும் துணியால் இரண்டு சீட்டையும் துடைத்தார்.

மதியம் ரம்யா மேடத்திடமிருந்து செய்தி: நாளை பத்து மணிக்கு மேனேஜர் அறைக்கு வரவும். எனக்கு மட்டும். சூப்பர்வைசர் அக்காவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நானும் கூட வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் கேன்டீன் மேரி அக்காவும் முன் கேட்டில் வருகிறாராம். அவருடையது பச்சை, நீலத்துக்கு முந்தைய வருடம் பள்ளியில் கொடுத்த சைக்கிள். பெல் இல்லை. அவருக்கு மாட்டிவிட என்னுடையதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.