பின்சக்கரத்தின் மேல் பாரம்

1925 நவம்பர் 2, திங்கள்

மழை. ஹாலிஎல ஸ்டேஷனுக்குப் போய் வந்தோம். துரை ஓட்டினார், நான் பாரமாக இருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் புது வண்டி ரெண்டே பேர் உட்காரும் பந்தய வண்டி. முன்பக்கம் பீரங்கி மாதிரி நீளம், பின்பக்கம் ஒன்றுமேயில்லை. இன்ஜின் முன்னால் கிடக்கிறது. வண்டியைத் தள்ளுகிற சக்கரமோ பின்னால். சேற்றைக் கண்டால் போதும், பின்பக்கம் கள்ளுக் குடித்தவன் மாதிரி தனியாக ஒரு பாதையில் போகப் பார்க்கும். துரை தன் ஊரில் பனி கொட்டிக் கிடக்கும் ரோட்டிலேயே இந்த மாதிரி வண்டி ஓட்டினவராம். பின்சக்கரத்தின் மேல் பாரம் இருந்தால் வழுக்காதாம். அங்கே மணல் மூட்டை வைப்பார்களாம். இங்கே நான் இருக்கிறேன்.

பின்னால் மூடியைத் தூக்கினால் சின்னதாக ஓர் இருக்கை வரும். டிக்கி என்பார்கள். மேலே கூரை கிடையாது. மழைக்காலம் முழுக்க எனக்கு அதில்தான் வாசம். முன்னால் துரை, அவருக்குப் பக்கத்தில், கூரைக்கு அடியில், அவர் நாய்.

பேக்டரித் தராசில் ஏறி நின்று பார்த்தேன். நூற்றைம்பத்தெட்டு ராத்தல். பேருக்கு டிரைவர், வேலைக்கு மூட்டை.

நவம்பர் 5

மழை. வண்டி வழுக்கவில்லை. இறங்கும்போது நான்தான் வழுக்கினேன். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நின்ற ஆள் எல்லாம் பார்த்தது.

நவம்பர் 9

லுணுகலையிலிருந்து மருமகன் ஞானசீலன் கடிதம். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறார். நேசராணிக்கு ஏழு மாதம் பிறந்துவிட்டது, கூட்டிப்போக எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் என் வீட்டுக்காரி இருதயம்மா யார் பேச்சையும் கேட்கமாட்டாள். ஆனால் பசறைக்கு அப்பால் ரோடு முழுக்கச் சேறு. பஸ் ஓடி ஒரு வாரம் ஆகிறது.

"மாட்டு வண்டியில ரெண்டு நாள் குலுங்கியா வரணும் புள்ள? தொரை காரைக் கேளுங்க" என்றாள் இருதயம்மா.

கேட்பதா? துரையிடமா?

"இம்புட்டு நாளு அவருக்கு மூட்டையா உக்காந்தீங்கல்ல. மூட்டைக்கு வாய் இருக்கான்னு இன்னைக்குத்தான் தெரியப்போகுது."

நவம்பர் 13

கேட்டுவிட்டேன்! நாலு நாளாக மனதுக்குள் ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். துரை முன்னால் போனதும் "மகள்... லுணுகலை... மாசமா இருக்கு" என்பதோடு நின்றுவிட்டது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஞாயிறு எடு. ஆறு மணிக்குள்ள வா."

இருதயம்மா இன்றைக்கு எனக்கு முட்டை பொரித்து வைத்தாள். கடைசியாகக் கல்யாணமான புதிதில் வைத்தது.

நவம்பர் 15, ஞாயிறு

இரண்டு கையும் தோளும் கடுக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுக்கவேண்டும்.

விடியும்போதே கிளம்பினேன். பின்சக்கரங்களில் கயிறு சுற்றிக்கொண்டேன். டிக்கியில் மணல் மூட்டை. முன்னால் என் பக்கத்து இருக்கையின் தோல் சாரலில் நனையக்கூடாது என்று தார்ப்பாயை நன்றாக இழுத்துக் கட்டினேன்.

லுணுகலையில் நேசராணியைப் பார்த்ததும் மழை, சேறு எல்லாம் மறந்துபோனது. முகம் வீங்கி, வயிறு முன்னால் போக, அவள் அம்மாவின் நடை அப்படியே. மணல் மூட்டையை இறக்கி மருமகன் வீட்டு வாசலில் போட்டேன். டிக்கியில் சாக்கு விரித்தேன். மருமகன் ஒரு தலையணையும் கம்பளியும் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் ரெண்டு பேருமாகப் பிடித்து அவளை ஏற்றி உட்காரவைத்தோம்.

"ரெண்டு ஆள் பாரம்மா நீ. இன்னைக்கு வண்டி வழுக்கவே வழுக்காது" என்றேன்.

"பொறக்குறதுக்கு முன்னாடியே எம்புள்ளைய தோட்டத்து வேலைக்குப் போட்டுட்டீங்களாப்பா" என்று சிரித்தாள்.

மடுல்சீமைப் பக்கத்திலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. அவள் குடை காற்றில் மேல்பக்கமாகத் திரும்பிப் பிய்ந்துபோனது. கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். ஒரு முறை, "மெதுவாப் போங்கப்பா" என்று கத்தினாள். சேற்று ஏற்றத்தில் மெதுவாகப் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வேகத்தை விடாமல்தான் ஏறவேண்டும். "பிடிச்சுக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். ரெண்டு பெரிய பள்ளம். பின்சக்கரம் இறங்கி ஏறியபோது அவள் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை.

ஐந்தரைக்கு வந்துவிட்டோம். ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. துரை ஓட்டியிருந்தாலும் இப்படி வந்திருக்க முடியாது. தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தேன். முன் இருக்கை பொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தது.

நவம்பர் 16

நேசராணிக்கு இடுப்பு வலிக்கிறதாம். நனைந்ததில் குளிர்க் காய்ச்சலும். மருத்துவச்சி வள்ளியம்மை வந்து பார்த்துவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னாள்.

நவம்பர் 17

மத்தியானம். ஆண். அழவில்லை.

நவம்பர் 18

தச்சன் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்து கொடுத்தான். நானே கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எவ்வளவு பாரம் என்று எழுதமாட்டேன்.

ஏழாம் மாதத்தில் தானாகவும் வந்துவிடுவது உண்டு, வண்டிதான் காரணம் என்று சொல்லமுடியாது என்று வள்ளியம்மை என்னிடம் சொன்னாள். நல்ல பொம்பளை. இருதயம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஏசினால் நன்றாயிருக்கும். முப்பது வருஷமாக ஏசியவள் இப்போதுதான் நிறுத்தவேண்டுமா?

நவம்பர் 20

வேலைக்குப் போனேன். மழை. டிக்கியில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 24

இன்று துரை டிக்கி மூடியை அவரே திறந்தார். உள் மூலையில் அந்தத் தலையணை நனைந்து நாறிக் கிடந்தது. எடுக்க மறந்திருக்கிறேன். இல்லை, மறக்கவில்லை. தொடமுடியாமல் விட்டிருந்தேன்.

என்ன இது என்றார். சொன்னேன். பிள்ளை தவறியது அவருக்குத் தெரியும். டிக்கியில் வைத்துக் கூட்டிவந்தது தெரியாது.

"ஏன் முன்னால உக்கார வைக்கல?"

அது நாய் உட்காரும் இடம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"நான் வேணாம்னு சொன்னேனா?"

இல்லை. அவர் சொல்லவில்லை. ஏழு வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்: யார் சொன்னது? பெரிய கங்காணியா? ஆபீஸ் கிளாக்கர் ஐயாவா? ஒருத்தருமில்லை. யாரும் சொல்லாத ஒன்றுக்குக் கட்டுப்பட்டு என் மகளை மழையில் வைத்து, வெறும் தோலுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். வண்டி கேட்க நாலு நாள் யோசித்தவன். இருக்கையைக் கேட்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே. கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா? இன்றைக்குக் கேள்வி கேட்பது அவருக்குச் சுலபம். அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

ஐயோ, காலியாத்தானே கெடந்துச்சு. கைக்கிட்டத்தானே.

டிசம்பர் 8

மழை. பசறை ரோட்டில் துரை வளைவை எடுத்த அழகுக்கு நான் கைதட்டியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 25

கிறிஸ்மஸ் பூசைக்குக் கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். குழந்தைச் சுரூபம் வைத்த தொழுவத்தின் பக்கம் நேசராணி போகவில்லை. நானும் அவளோடு வாசலிலேயே நின்றுகொண்டேன்.

1926 ஜனவரி 17, ஞாயிறு

மழை விட்டு ஒரு வாரமாகிறது. ரோடு காய்ந்து பஸ் ஓடுகிறது. மருமகன் வந்து நேசராணியைக் கூட்டிப்போனார். அவர் இருதயம்மாவிடம் சொல்லிக்கொண்டு பின்னால் வர, நானும் மகளும் அவள் பெட்டியோடு முன்னால் இறங்கினோம். ரெண்டு மாதமாகத் தொண்டையில் நின்றதை அப்போதுதான் சொன்னேன். துரை கேட்டதை, அவர் வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லாததை, எல்லாவற்றையும். அவள் முகத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தே சொன்னேன்.

நடந்துகொண்டே சொன்னாள்:

"முன்னாடி எடம் காலியா இருந்ததை நானுந்தானேப்பா பாத்துக்கிட்டே வந்தேன். ஏத்திவிட்டப்ப ஒங்க மருமகனும் பாத்தாங்க. அங்க உக்காரலாம்னு எனக்குந்தான் தோணல."

ஆறுதலுக்குச் சொன்னாள். என் கையிலிருந்த பெட்டியையும் வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தது, ஏறினார்கள், போனார்கள்.

நான் ரோட்டோரத்திலேயே வெகுநேரம் நின்றேன். இருபது வயதுப் பிள்ளை. துரை பங்களாவை அவள் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்த இருக்கை நமக்கில்லை என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? எங்கள் வீட்டில் துரையோடு போய் வருகிறவன் நான் ஒருவன்தான்.