கொலைகாரனைச் சொல்லிவிட்டார்

14 ஜூன் 1998, ஞாயிறு

இன்று கோவில்பட்டியில் எங்கள் வாசகர் வட்டம். மாதம் முழுக்கப் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் நெருக்கடி நிலை வரலாற்றை, 77 தேர்தல் தோல்வி வரைக்கும் பேசினேன். அடுத்து, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி தன் துப்பறியும் நாவலைப் பேசினார். செத்தவனின் மைத்துனன்தான் கொலைகாரன் என்று சொல்லிவிட்டு, அதே நாவலை என் மடியில் வைத்தார்.

“இனிமே இதை நான் எதுக்கு அண்ணாச்சி படிக்கணும்?”

“நீரு மட்டும் எலெக்‌ஷன்ல யாரு தோத்தாங்கன்னு சொல்லலாம், நான் கொலைகாரனைச் சொல்லப்பிடாதாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மாதமும் அவர் என் பக்கத்தில்தான் உட்காருவார். அவருக்கென்று ஒரு நல்ல துப்பறியும் நாவலை எடுத்து வைத்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தை இப்போதுதான் பிளேடால் அறுத்தெடுத்தேன். ஆசையாகப் படிக்கட்டும்.