மூன்று அம்பியர் டயோட்

என் அருமை அருள்,

நீ போய் நாற்பது நாளாகிறது. இன்னும் ஓரிடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. மருதனார்மடம் சந்திவரை சைக்கிளில் போகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன்.

நம் கடைசிச் சண்டை நினைவிருக்கிறதா? அகதி முகாமில் அறிவிப்புச் செய்ய நாம் கட்டிய ஒலிபெருக்கி அம்பிளிபயருக்கு எந்த டயோட் போடுவது என்பதுதான். மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற அந்தச் சின்னக் கறுப்புத் துண்டுகளுக்காகவா அப்படிக் கத்தினோம்? கைவசம் இருந்த ஒரு அம்பியர் டயோட் நான்கையும் நான் பற்றவைத்துவிட்டேன்.

"வோல்ற் தாங்கும், மச்சான். ஆனால் சுவிச் போட்ட உடனை கபாசிற்றர் இழுக்கிற இழுவையை உது தாங்காது. மூண்டு அம்பியர் போடு" என்றாய்.

"எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதையாதை!"

நீ எழும்பி அரியாலையில் உன் வீட்டுக்குப் போனாய். அந்தக் கிழமையே காய்ச்சல், ஆஸ்பத்திரி. நான்கு நாள் கிடந்தாய்; ஐந்தாம் நாள் செத்துப்போனாய். ஒரு நாளும் நான் பார்க்க வரவில்லை.

முந்தாநாள் முகாமுக்கு ஒரு தாய் வந்தார். தெல்லிப்பழையிலிருந்து ஓடிவரும்போது மகளைத் தவறவிட்டவர். ஜெனரேற்றரை இயக்கி, பிள்ளையின் பெயரை மைக்கில் பாதி சொல்வதற்குள் சத்தம் நின்றது. திறந்தால், இரண்டு டயோட் கருகியிருந்தன.

"தம்பி, இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று அவர் என் கையைப் பிடித்தார்.

அம்பிளிபயர்ப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி உன் வீட்டுக்கு மிதித்தேன். பழைய ரீவியிலிருந்து நீ கழற்றி வைத்திருந்த தடித்த டயோட் நான்கை உன் மனைவி றீற்றா எடுத்துத் தந்தாள். அவளுடைய அடுப்புத் தணலில் பற்றவைக்கிற சோல்டரிங் அயனைக் காய்ச்சி மாற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"அண்ணை, அவர் உங்களைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவர். றோட்டுப் பூட்டினபடியால் வரேலாமல் போச்சுது எண்டு நான் அவருக்குச் சொன்னனான்."

நான் "ஓம்" என்றேன். றோட்டுத் திறந்துதான் இருந்தது, அருள். வீம்புதான் என்னை விடவில்லை.

அன்று பின்னேரம் முகாமில் மூன்று தரம் அறிவித்தேன். பெட்டி சுடக்கூட இல்லை. பக்கத்துக் கோயில் மடத்தில் தங்கியிருந்த ஒருவர் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தார். அந்தத் தாய் மகளை முதலில் அடித்தார்; பிறகுதான் கட்டிப்பிடித்தார். எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். அங்கே நிற்கவே முடியவில்லை.

றீற்றா சொன்னதை நீ நம்பினாயா? அல்லது அவளுக்காக நம்பியதுபோல் இருந்தாயா?

நாளைக் காலை அரியாலைக்குப் போகிறேன். றோட்டுத் திறந்திருந்தும் நான் வராததை அவளிடம் சொல்வேன். கதவைச் சாத்தினாலும், வெளியில் நின்றாவது சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

இன்னும் உன் மச்சான்தான்,
தேவன்