ஆஷிகாவின் கடைவாய்ப் பல்

திருநகர்
5.7.2025

ஆஷிகாவின் அத்தா முகமது யாசீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் சண்டையாகிறது, பிரிந்து இருக்கிறவரை பிள்ளை சம்பந்தப்பட்டதை எழுதிக்கொடுங்கள் என்று ஜமாத்தில் சொன்னபடி எழுதுகிறேன். ஆட்டோ செல்வக்குமார் அண்ணன் கொண்டுவந்து தருவார்.

பிள்ளையின் மேல் முன்பல்லில், ஈறை ஒட்டி, சாக்பீஸால் கிழித்தது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. தேய்த்தாலும் போகவில்லை. பள்ளி முகாமுக்கு வந்த பல் டாக்டர், "சொத்தைக்கு இதுதாம்மா முதல் அடையாளம். இப்பவே கவனிச்சா ஓட்டை விழாமத் தடுத்திரலாம்" என்றார். ஐந்து நாள் நான் காலையும் இரவும் தேய்த்துவிடுகிறேன். சனி, ஞாயிறு உங்கள் மிட்டாய்க் கடையில் உட்கார்ந்து அத்தனையையும் கெடுத்துக்கொண்டு வருகிறாள். அங்கேயும் ஒரு பிரஷ் வாங்கி வையுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியனுப்புவது?

ஷாஹீதா


சிம்மக்கல்
6.7.2025

ஷாஹீதாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கோட்டைப் பார்த்தேன். விழப்போகிற பால் பல்லுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? நானும் இந்தக் கடைக்குள் வளர்ந்தவன்தான். மூட்டை மூட்டையாய்த் தேன்மிட்டாய் கிடக்கிற இடத்தில், பெற்ற பிள்ளையிடம் மட்டும் தொடாதே என்று எப்படிச் சொல்வது? நான் எதைச் செய்தாலும் உனக்குக் குறைதான். பிரஷ் வாங்கிவிட்டேன். பச்சை நிறம். அதற்கும் ஏதாவது சொல்வாய்.

யாசீன்


திருநகர்
30.8.2025

ஆஷிகாவின் அத்தாவுக்கு,

ஸலாம். கோடு பழுப்பாகிவிட்டது. பச்சை பிரஷ் இன்னும் அட்டையைவிட்டு வெளியே வரவில்லையாமே? முன்பல் விழுந்து முளைத்தாலும், கடைவாயில் இருக்கிற பால் பல் பத்துப் பன்னிரண்டு வயசு வரை இருக்கும். இவளுக்கு ஏழுதான் ஆகிறது. இனி ஒரு மிட்டாய் தின்றாலும் அத்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒரு மாதமாக அவளிடம் சொல்லிவருகிறேன். உங்களுக்கும் அதேதான். எனக்கு அலுத்துவிட்டது.

ஷாஹீதா


சிம்மக்கல்
31.8.2025

ஷாஹீதாவுக்கு,

ஸலாம். சண்டை போட எழுதவில்லை. மதியம் பிள்ளை இடது பக்கமே மென்றாள். ஐஸ் தண்ணீர் குடித்ததும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். கேட்டால், "ஒண்ணுமில்லத்தா." போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் மிளகு அளவுக்குக் கருப்பாய் ஒரு குழி.

"எம்புட்டு நாளா வலிக்குது?"

"ரெண்டு வாரமா கூசுச்சு. இப்பத்தான் வலிக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா உங்களத் திட்டும். அப்புறம் இங்க அனுப்பாது."

லைட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். தினமும் தேய்த்துவிடுகிற உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கத் தோன்றியது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இன்று ஞாயிறு, எந்த டாக்டரும் இல்லை. என்ன செய்யலாம், சொல்.

யாசீன்


திருநகர்
1.9.2025

ஆஷிகாவின் அத்தாவுக்கு,

ஸலாம். அந்தப் பக்கம் பிரஷ் போனாலே, "நானே தேய்ச்சுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். வளர்ந்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அனுப்ப மாட்டேன் என்ற என் மிரட்டலுக்குப் பயந்துதான் வலியைப் பொறுத்திருக்கிறாள். அது என் தப்பு. மிட்டாய் உங்கள் தப்பு. புதன்கிழமை ஐந்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். திருநகர் இரண்டாவது பஸ் ஸ்டாப் எதிரே. இருவரும் சேர்ந்து வருவதை அவள் பார்க்கட்டும். அன்றைக்காவது கடையைக் காரணம் சொல்லாதீர்கள்.

ஷாஹீதா


சிம்மக்கல்
4.9.2025

ஷாஹீதாவுக்கு,

ஸலாம். பல்லை அடைத்தாயிற்று, முன்பல்லுக்கு மருந்தும் தடவியாயிற்று. டாக்டர் நம் இருவரையும் திட்டியதும் நியாயம்தான். நீ மருந்துக் கடையில் நின்றபோது நடந்ததை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"இனிமே வலிச்சா யாருட்டத்தா சொல்ல?" என்றாள்.

"ரெண்டு பேருட்டயும் சொல்லும்மா. யாரும் யாரையும் திட்ட மாட்டோம்."

பிறகு, "அப்ப இன்னொண்ணு சொல்லவா? போர்டுல எழுதுறது எனக்குத் தெரியல. பக்கத்துல உக்காருற பவதாரிணி நோட்டப் பார்த்துத்தான் எழுதுறேன்" என்றாள்.

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. கண் டாக்டரிடம் நாள் வாங்கிச் சொல். நானும் வாரேன்.

யாசீன்