ஞாயிற்றுக்கிழமை எடை

ஜூன் 2, ஞாயிறு

தொண்ணூற்றாறு. போன வாரமும் அதேதான்.

எங்கள் வீட்டில் எடை பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எழுந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், கைக்கடிகாரம், கம்மல், கிளிப், கடைசியாக மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றையும் கழற்றி வாஷ்பேசின் மேல் வைத்துவிட்டு ஏறுவேன். கண்ணாடி என்ன பெரிய கனம்? இருந்தாலும். அது இல்லாமல் எனக்கு என் கால்விரலே மங்கல், ஊசி எங்கே தெரியப்போகிறது. அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்துச் சொல்வார்.

"ஆடாத பாப்பா. ஊசியும் சேர்ந்து ஆடுது."

அறுவை சிகிச்சையில் வயிற்றைச் சிறிதாக்கி மூன்று மாதம் ஆகிறது. முதலில் எடை மளமளவென்று இறங்கியது. இப்போது நின்றுவிட்டது. பசி என்பது அன்றோடு போயிற்று. அலாரம் அடித்தால் சாப்பிடுகிறேன். சந்தோஷமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியவில்லை. வெட்டி எடுத்ததோடு அதுவும் போய்விட்டதோ என்னவோ.

ஜூன் 4, செவ்வாய்

மருத்துவமனையில் உணவு ஆலோசகர். அவர் மேஜைமேல் ரப்பரில் செய்த முட்டை, ரப்பர் மீன் துண்டு. அளவு காட்டுவதற்கு.

"மூணாவது மாசம் இப்படி நிக்கத்தான் செய்யும். பயந்துக்காதீங்க. இஞ்சு டேப் வச்சு இடுப்ப அளங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குதான்னு பாருங்க. முட்டை, மீன், தயிர் மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது."

இலக்கு என்ன என்று கேட்டார். எண்பத்தைந்து என்றேன்.

"அது நம்பர்மா. இறங்கின பிறகு என்ன பண்ண ஆசை?"

ரப்பர் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்துவிட்டு வரச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது நிஜமாகவே யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

தொண்ணூற்றாறு.

ஜூன் 13, வியாழன்

குளியலறைத் துவாரத்தை என் முடி அடைத்துக்கொண்டது. அம்மா குச்சியால் குத்தி எடுத்தாள். "ஒரு எலி சைஸுக்கு இருக்குடி. இப்படியே போனா தலைக்கும் ஆபரேஷன் பண்ண வேண்டியதுதான்."

சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரிக்கவில்லை.

வயிற்றை வெட்டிய பிறகும் மெலியாதவள் என்று ஒருத்தி இருக்க முடியுமா? இருந்தால் அது நானாகத்தான் இருப்பேன். இதற்கு மேல் வெட்ட என்ன இருக்கிறது?

நாளையிலிருந்து சாயங்கால முட்டை வேண்டாம். மதியம் மீனில் பாதி. பசிக்காதவளுக்குப் பட்டினி ஒரு வேலையே இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

தொண்ணூற்றைந்து.

அப்பா இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். ஆக, நான் நினைத்தது சரி. காலை முட்டையும் வேண்டாம்.

ஜூன் 23, ஞாயிறு

தொண்ணூற்று மூன்றரை. அப்பா அத்தைக்குப் போன் போட்டு, "நம்ம பாப்பா ராக்கெட் மாதிரி போறா, ஆனா கீழ்ப்பக்கமா" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வாரம் முட்டை ஏன் இவ்ளோ மிச்சம்?"



ஜூன் 27, வியாழன்

இரண்டு பக்கம் படித்தேன். எந்தப் புத்தகம் என்று இப்போது ஞாபகமில்லை. முன்பெல்லாம் ஒரு நாவலை முடிக்காமல் தூங்கமாட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

தொண்ணூற்றிரண்டு. இனி தயிரும் வேண்டாம்.

ஜூலை 3, புதன்

வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

செவித்திறன் சோதனை அறையில் எனக்கு வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆள் உட்காருவார், காதில் ஹெட்ஃபோன், கையில் பட்டன். வெளியே இருந்து நான் சத்தம் அனுப்புவேன். கேட்டால் அவர் அமுக்க வேண்டும். இன்று வந்த பெரியவர் நான் எதையும் அனுப்பாதபோதெல்லாம் அமுக்கினார்.

"கேட்டுச்சாங்க?"

"கேக்கலம்மா. நீ பாவம் ரொம்ப நேரமா எதிர்பாத்துட்டே இருக்க. அதான் அமுத்திட்டேன்."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எழுந்தேன். தரை மேலே வந்தது. அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது என் மேலதிகாரி மேடம் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமல், "நான் ஒண்ணும் பண்ணல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் எடை பார்த்தாள். தொண்ணூற்றைந்து. உங்கள் மெஷின் தப்பு என்றேன். "காலைலேர்ந்து ஊரே ஏறி இறங்குது, யாருக்கும் தப்பா காட்டல" என்றாள்.

ரத்தத்தில் புரதம் குறைவு. கொழுப்பை விட்டுவிட்டு உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பித்துவிட்டதாம். ஆலோசகர் கோபப்படவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இப்படி இருந்தீங்கன்னா படுக்கப்போட்டு டிரிப்ஸ்லதான் சாப்பாடு" என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

மூன்று கிலோ எங்கிருந்து வந்தது?

ஜூலை 4, வியாழன்

விடிந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷினில் ஏறினேன். தொண்ணூற்று நாலரை. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

அப்பா கதவருகே நின்றார்.

"தொண்ணூத்திரெண்டுன்னு சொன்னீங்களேப்பா."

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஊசி அசையவே இல்ல பாப்பா. நீ கண்ணாடியில்லாம என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிற. ஒரு கிலோதானேன்னு குறைச்சுச் சொல்லிட்டேன். அன்னிக்கு நீ சிரிச்ச. அப்புறம் எப்படி ஏத்திச் சொல்றது?"

"நான் சிரிச்சேனா?"

"கொஞ்சூண்டு."

கத்தினேன். என்ன கத்தினேன்? — நீங்க சொன்ன ஒவ்வொரு கிலோவுக்கும் நான் ஒண்ணொண்ணா விட்டேன்பா, முட்டைய விட்டேன், மீன விட்டேன், விட்டதாலதான் குறையுதுன்னு நெனச்சேன், என் உடம்ப வச்சு எனக்கே பொய் சொல்லிருக்கீங்க — இன்னும் ஏதேதோ. தொண்டை எரிகிறது. கோபம் இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து, "அப்பனும் மகளுமா சேர்ந்து என் முட்டையெல்லாம் அழுக வச்சீங்க" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

எடை பார்க்கவில்லை. முழு முட்டை, பாதி மீன், தயிர். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தாள், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்றுதான் நினைக்கிறேன். அப்பா என்னிடம் பேசவில்லை. நானும்.

ஜூலை 15, திங்கள்

பெரியவர் மறு சோதனைக்கு வந்தார். ஒழுங்காக அமுக்கினார். இடது காது மோசம். அதை அவரிடம் உள்ளபடியே சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 21, ஞாயிறு

கதவைச் சாத்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு ஏறினேன். பார்த்தேன். இறங்கினேன்.

வெளியே அப்பாவின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"என்னாச்சு பாப்பா?"

"சொல்ல மாட்டேன்."

செருப்பு நகரவில்லை.

"ஏறிச்சா எறங்கிச்சான்னாவது..."

"அப்பா."

"சரி, சரி."

இங்கேயும் எழுதப்போவதில்லை.

அடுக்களையில் அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. "சொல்ல மாட்டாளாம்." அதில் வருத்தம் இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். இருந்தது, கொஞ்சம். போகட்டும்.

"நல்லது. முட்டை ஒண்ணா ரெண்டான்னு கேளுங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு" என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன். பிறகு, "மிளகு தூக்கலா" என்றேன்.