காலி வண்டியின் பிரேக்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அம்மா என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள், அதுவே பாதி சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள்.

போன வருஷம் நீ படித்துப் படித்துச் சொன்னாயே, புதுப் புற்றுநோய் மருந்தைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள், அம்மாவைச் சேர்த்துவிடுங்கள் என்று. வயசு அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, கிட்னி மந்தம் என்று வாசலோடு அனுப்பினார்கள். நோய் மட்டும் ஒன்றும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டது. இப்போது அந்த மருந்து தேறிவிட்டதாம். அதே டாக்டர், அன்றைக்கு ஆகாதவளுக்கு இன்றைக்கு முழு அளவு எழுதி, திங்கட்கிழமை வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். மருந்துக்காரர்கள் அச்சடித்த புத்தகத்தையும் கொடுத்தார்கள். அதிலிருக்கும் நோயாளிகளை நீ பார்க்க வேண்டுமே! ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார், ஓர் அம்மாள் மலை ஏறுகிறாள், எல்லாருக்கும் முப்பத்திரண்டு பல். வெளியே பெஞ்சில் இருந்தவர்களோ பாதிப் பேர் கைத்தடி, மீதி சக்கர நாற்காலி. மலையேறிக்கு மருந்து கேட்டதாம், அதனால் மாடிப்படி ஏற முடியாதவளுக்கும் கேட்குமாம். இதைக் கண்டுபிடிக்க இத்தனை மெத்தப் படித்தவர்கள்!

எட்டாவதோடு புத்தகத்தை மூட்டை கட்டியவனுக்கு என்ன தெரியும் என்கிறாயா? நானும் அதே பித்தலாட்டம் செய்தவன்தான். டிப்போவில் மெக்கானிக்காக இருந்தபோது காலி பஸ்ஸைச் சமதரையில் ஓட்டி பிரேக் மிதிப்பேன், சொன்ன இடத்தில் நிற்கும், பிரேக் சரி என்று மகாராஜா மாதிரி கையெழுத்துப் போடுவேன். அப்படித் தேற்றிய ஒரு வண்டி எழுபது பேரோடு இறக்கத்தில் ஓடி, சலூன் சுவரில் முட்டித்தான் நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை, பாதி மீசையோடு தெருவுக்கு ஓடிவந்தவர்தான் இன்றும் என்னை முறைக்கிறார். டிரைவர் வந்து, ஆளேறாத வண்டிக்கு எதுக்கய்யா பிரேக்கு என்றார். அதன்பிறகு மணல் மூட்டை ஏற்றாமல் நான் எந்த வண்டிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

இதை டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உன் அம்மா முந்திவிட்டாள். அவளே கேட்டாள், என்னை மாதிரி சர்க்கரையும் கிட்னியுமா இருக்கிற ஒருத்திக்காவது குடுத்துப் பாத்தீங்களா தம்பி என்று. அவர் தாளைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இல்லைம்மா என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை மட்டும் விட்டுவிடுகிறேன். பாதி அளவில் ஆரம்பிப்போம், வாரா வாரம் ரத்தம் பார்ப்போம் என்று மாற்றி எழுதினார். கேட்டிருக்காவிட்டால் முழு அளவுதான்! வேண்டவே வேண்டாம் என்று நான் வீட்டில் குதித்தேன். அவளோ, யாராவது முதல்ல ஏறித்தானே ஆகணும், நான் ஏறுறேன், எனக்கு என்ன ஆகுதுன்னு எழுதி வைங்க, பின்னாடி வர்ற கிழவிக்கு உதவும் என்கிறாள். ஆஸ்பத்திரியில் அப்படி எழுதி வைக்க ஏடு ஏதும் கிடையாதாம். நான் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மறக்காமல் போன் செய், அழாமல் பேசு. இருவரும் நீடூழி வாழுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று: வயது அறுபத்தெட்டு, சர்க்கரை, கிட்னி மந்தம், வாய் அதிகம், முழுப் பாரம். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா